ஒரே உயரம், மூணு பேர், ஒரு வெண்கலம்

2022 ஆகஸ்ட் 3. பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி, ஆண்கள் ஹை ஜம்ப் ஃபைனல். இந்தியாவின் தேஜஸ்வின் சங்கர், இங்கிலாந்தின் ஜோயல் கிளார்க்-கான், பஹாமாஸின் டொனால்ட் தாமஸ் மூணு பேரும் தாண்டிய உயரம் 2.22 மீட்டர். ஆனா வெண்கலம் கிடைச்சது தேஜஸ்வினுக்கு மட்டும்தான். அதே ஃபைனலில் தங்கம் வாங்கிய நியூசிலாந்தின் ஹேமிஷ் கெர், வெள்ளி வாங்கிய ஆஸ்திரேலியாவின் பிராண்டன் ஸ்டார்க் ரெண்டு பேரும் தாண்டியது 2.25. அங்கேயும் உயரம் ஒண்ணு, மெடல் வேற.

இது எப்படி? ஹை ஜம்ப்பில் நீங்க எவ்வளவு உயரம் தாண்டினீங்கன்னு மட்டும் பார்க்க மாட்டாங்க. எத்தனை தடவை தட்டி விட்டீங்கன்னும் எழுதி வைப்பாங்க. அந்தக் கணக்கை எப்போ எடுக்கணும், எப்போ எடுக்கக் கூடாதுன்னு தெளிவா ஒரு ரூல் இருக்கு. நம்ம காலேஜ் மக்கள் அவசியம் தெரிஞ்சுக்க வேண்டிய ரூல் அது. ஏன்னு கடைசில சொல்றேன்.

முதல்ல அடிப்படை. நாலு மீட்டர் நீளக் குச்சி, அதிகபட்சம் 2 கிலோ எடை. உடம்பு பட்டாலும் பரவாயில்லை, குச்சி விழாம இருந்தா போதும். எந்த உயரத்திலிருந்து ஆரம்பிக்கலாம்ங்கிறது வீரரோட விருப்பம். நடுவுல ஒரு உயரத்தை வேண்டாம்னு 'பாஸ்' சொல்லிட்டு அடுத்ததுக்கும் போகலாம். ஆனா தொடர்ந்து மூணு தவறு செஞ்சா ஆட்டம் முடிஞ்சது.

இதுல டை ஏன் இவ்வளவு சகஜம்? ஈட்டி எறிதலில் ஈட்டி விழுந்த இடத்தை சென்டிமீட்டர் கணக்கில் டேப் வைத்து அளக்கலாம். ஹை ஜம்ப்பில் அப்படி இல்லை. குச்சிக்கு மேல ஒரு ஜான் இடைவெளி விட்டுத் தாண்டினவருக்கும், குச்சியை உரசி அது ஆடி ஆடி நின்னவருக்கும் ஒரே மார்க். பர்மிங்காமில் 2.22-க்கு அடுத்த படி 2.25. நடுவுல எதுவும் கிடையாது. ஈசிஈ மக்களுக்குச் சொல்லணும்னா, இது ரெசல்யூஷன் கம்மியான ஏடிசி மாதிரி. வேற வேற இன்புட், ஒரே அவுட்புட். அந்த டையை உடைக்கத்தான் 'கவுன்ட்பேக்'னு ஒரு முறை வெச்சிருக்காங்க.

அதுல ரெண்டு படி. முதல் படி: கடைசியா தாண்டிய உயரத்தில் யாருக்குத் தவறு கம்மி? அதுலயும் சமம்னா ரெண்டாவது படி: ஆரம்பத்திலிருந்து அந்த உயரம் வரைக்கும் மொத்தத் தவறு யாருக்குக் கம்மி?

ஒரு உதாரணம். ரெண்டு பேர் 2.10, 2.15, 2.19, 2.22 தாண்டுறாங்க. முதல் ஆள் 2.10-லயே ரெண்டு தடவை தட்டி, மூணாவது முயற்சியில் தப்பிச்சு, அப்புறம் எல்லாத்தையும் முதல் முயற்சியிலேயே தாண்டிட்டார். இன்னொருத்தர் எங்கேயும் தட்டாம வந்து, 2.22-ல் மட்டும் ஒரு தவறு. மொத்தத் தவறு பார்த்தா ரெண்டாவது ஆள்தான் பெட்டர். ஆனா ஜெயிக்கிறது முதல் ஆள். ஏன்னா 2.22-ல் அவருக்குத் தவறு பூஜ்யம். எளிதான உயரத்தில் தடுமாறினதை விட, கஷ்டமான உயரத்தில் சுத்தமா தாண்டினதுக்குத்தான் மதிப்பு.

தேஜஸ்வின் அன்னைக்கு 2.22-ஐ முதல் முயற்சியிலேயே தாண்டினார். வெண்கலம் அதுல வந்தது. காமன்வெல்த் ஹை ஜம்ப்பில் இந்தியாவுக்கு அதுதான் முதல் மெடல். அதுக்கு அப்புறம் அவர் 2.25-ல் தட்டினார், கடைசி முயற்சியை 2.28-க்கு மாத்தி வெச்சு, அதையும் தட்டினார். அதெல்லாம் கவுன்ட்பேக் கணக்கில் சேரவே சேராது. கடைசியா தாண்டின உயரத்துக்கு மேல எத்தனை தடவை விழுந்தாலும் அது உங்களுக்கு எதிரா எண்ணப்படாது. இத்தனைக்கும் முதலில் அறிவிச்ச அணியில் அவர் பேரே இல்லை. டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் கடைசி நேரத்தில் இடம் கிடைச்சது.

நம்ம சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு கதையிலும் இந்த ரூல் வருது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் அவர் 1.89 தாண்டித் தங்கம் வாங்கினார். அவருக்குக் கீழ அமெரிக்காவின் சாம் க்ரூவும் இந்தியாவின் வருண் சிங் பாட்டியும் ஒரே 1.86. கவுன்ட்பேக்கில் க்ரூவுக்கு வெள்ளி, பாட்டிக்கு வெண்கலம்.

அஞ்சு வருஷம் கழிச்சு டோக்கியோவில், மழைக்கு நடுவுல, மாரியப்பனும் க்ரூவும் 1.86 தாண்டிட்டு 1.88-க்கு வந்தாங்க. மாரியப்பனுக்கு மூணும் தவறு. க்ரூ முதல் ரெண்டையும் தட்டிட்டு, மூணாவதுல தாண்டித் தங்கத்தை எடுத்துட்டுப் போனார். நமக்கு வலிக்கிற உதாரணம்தான், ஆனா ரூலோட உயிர் இங்கதான் இருக்கு. உயரம்தான் முதல் கணக்கு. மூணாவது முயற்சியில் தாண்டின 1.88-ம் 1.88 தான். உயரம் சமமா இருந்தா மட்டும்தான் பழைய தவறுகள் இருக்கிற பக்கத்தைத் திருப்புவாங்க.

கவுன்ட்பேக்கும் சமமா வந்தா? முதல் இடத்துக்கு மட்டும் 'ஜம்ப்-ஆஃப்' உண்டு. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கத்தாரின் பர்ஷிம், இத்தாலியின் தம்பேரி ரெண்டு பேரும் 2.37 வரைக்கும் ஒரு தவறு கூட இல்லாம வந்து, 2.39-ல் மூணு தடவையும் தட்டினாங்க. பெலாரஸின் நெடாசெகாவும் அதே 2.37 தான், ஆனா அவர் கணக்கில் தவறு இருந்ததால் வெண்கலம். ஜம்ப்-ஆஃப் வேண்டாம்னு வீரர்களே முடிவு பண்ண ரூலில் இடம் இருக்கு. அதனால பர்ஷிமும் தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்துக்கிட்டாங்க. 2024 பாரிஸில் இதே நிலைமை, ரெண்டு பேர் 2.36-ல் சமம். பர்மிங்காமில் ஜெயிச்ச அதே ஹேமிஷ் கெர்ரும் அமெரிக்காவின் ஷெல்பி மெக்யூவனும் ஜம்ப்-ஆஃப் போனாங்க. குச்சியை இறக்கி இறக்கி, கடைசில 2.34-ஐ கெர் தாண்டினார், தங்கம் அவருக்கு.

இப்போ நம்ம விஷயம். இந்த செமஸ்டர்ல காலைல பூந்தமல்லில காலேஜ் பஸ் ஏறினதிலிருந்து ஃபைனல் இயர்ல பேச்சு ஒண்ணுதான்: பிளேஸ்மென்ட். நோட்டீஸ் போர்டுல சில கம்பெனிகள் 'நோ ஸ்டாண்டிங் அரியர்ஸ்' கேக்குது. அது நியாயம், தாண்டாத உயரத்தை யாரும் தாண்டினதா எழுத முடியாது. ஆனா சில கம்பெனிகள் 'நோ ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்'னு போடுது. அதாவது முதல் செமஸ்டர்ல மேத்ஸ் ஒரு தடவை போச்சுன்னா, அப்புறம் ஆறு செமஸ்டர் சுத்தமா கிளியர் பண்ணி 8.5 வெச்சிருந்தாலும் ஆப்டிட்யூட் டெஸ்ட் ஹாலுக்குள்ள கூட விட மாட்டாங்க. ஹை ஜம்ப் கணக்குல சொன்னா, 2.10-ல் தட்டினவரை 2.22-க்கு ஓடவே விடலை.

கம்பெனிக்கும் ஒரு காரணம் இருக்கு. ஆயிரம் அப்ளிகேஷனை நூறாக்க ஏதாவது ஒரு ஃபில்டர் வேணும். ஹை ஜம்ப்பும் தவறுகளை மறக்கச் சொல்லலை. ஒவ்வொரு தவறையும் ஷீட்டில் குறிக்கத்தான் செய்யுது. ஆனா எடுக்கிற வரிசை வேற: முதல்ல இப்போ எவ்வளவு உயரம், அப்புறம் அந்த உயரத்தில் எப்படி, கடைசியாத்தான் பழைய கணக்கு. நம்ம பிளேஸ்மென்ட் கமிட்டி கம்பெனிகளோட பேசும்போது கேட்டுப் பார்க்கலாம்: எல்லாரையும் டெஸ்ட் எழுத விடுங்க, மார்க் சமமா வந்தா மட்டும் ஹிஸ்டரி பாருங்க. உலகம் முழுக்க மெடலையே அந்த வரிசையில்தான் கொடுக்கிறாங்க.