குழாய் வாயில் ஒரு கணக்கு, ஏலக்களத்தில் ஒரு கணக்கு

திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை ஒட்டி 1991-ல் ஒரு சிறு மின்நிலையம் எழுந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வில் உருவானது. கான்கிரீட் அறைக்குள் அலை ஏறும்போது மேலே உள்ள காற்று அமுங்கி வெளியேறும். அலை வடியும்போது காற்று உள்ளே இழுக்கப்படும். போகும் காற்றும் வரும் காற்றும் ஒரே சக்கரத்தைச் சுழற்றும். திறன் 150 கிலோவாட். பக்கத்தில் கட்டியிருந்த படகுகளுக்கு அதனால் வெந்நீரும் இல்லை, சாம்பலும் இல்லை. இன்று அது ஓடவில்லை.

திருவனந்தபுரத்து வீடுகளில் எரியும் விளக்குக்கு வேறு கடற்கரைகள்தான் விலை கொடுக்கின்றன. கேரளத்தின் நீர்மின் நிலையங்கள் தேவையில் ஒரு பகுதியையே ஈடுகட்டும். மீதி வெளியிலிருந்து வாங்கப்படுகிறது. கூடங்குளம் அணுமின் நிலையமும் சென்னைக்கு வடக்கே உள்ள வல்லூர் அனல்மின் நிலையமும் அதில் அடக்கம். ஆகவே ஒரு பெரிய மின்நிலையம் பக்கத்துத் துறைமுகத்தையும் கடைகண்ணியையும் என்ன செய்கிறது என்பது இந்த நகரத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

எல்லோர் கண்ணும் புகைபோக்கி மேலேயே இருக்கும். ஆனால் துறைமுகத்துக்கு வரும் கேடு பெரும்பாலும் தண்ணீர் வழியாகத்தான் வருகிறது.

முதலில் வெப்பம். நிலக்கரியோ யுரேனியமோ, எரிபொருள் தரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகத்தான் மின்சாரமாகிறது. கூடங்குளத்தின் ஓர் உலை 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கி 1,000 மெகாவாட் மின்சாரம் தருகிறது. எஞ்சிய 2,000 மெகாவாட்டைக் கடல்நீர்தான் சுமந்து செல்ல வேண்டும். ஏழு டிகிரி சூடேறும்படி நீரை ஓடவிட்டால் நொடிக்கு ஏறக்குறைய 70,000 லிட்டர் தேவை. இதே அளவு மின்சாரம் தரும் நிலக்கரி நிலையத்துக்கு 40,000 லிட்டருக்கு மேல் பிடிக்கும். நொடிக்கு, நாளுக்கல்ல. ஒரு சிறிய ஆறே கடலிலிருந்து உள்ளே போய்ச் சூடாகி வெளியே வருவதாக வைத்துக்கொள்ளலாம்.

கடல்நீரைப் பயன்படுத்தும் புதிய அனல்மின் நிலையங்கள் ஏற்கும் நீரின் வெப்பத்தை ஏழு டிகிரிக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது இந்திய விதி. நம் கடல் ஏற்கெனவே 28 டிகிரியில் இருக்கிறது. ஏழு கூடினால் 35. அந்தச் சூட்டில் நீரில் கரையும் ஆக்சிஜன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. மீனின் மூச்சுத் தேவையோ கூடுகிறது. பெரிய மீன் விலகிப் போகும். முட்டையும் குஞ்சும் எங்கே போகும்? திறந்த கடலில் இந்தச் சூடு சில நூறு மீட்டரில் கலைந்துவிடலாம். கழிமுகத்திலோ, அலைதடுப்புச் சுவருக்குள் அடங்கிய துறைமுகத்திலோ நீர் மெதுவாகத்தான் மாறும். சூடு அங்கேயே தங்கும்.

இத்தோடு, உள்ளே இழுக்கும் வாயும் ஒரு பிரச்சினை. நீரோடு சேர்ந்து வரும் மீன்குஞ்சுகள் சல்லடையில் அடிபடுகின்றன. அதைவிடச் சிறிய முட்டைகள் சல்லடையைத் தாண்டிக் குழாய்க்குள் போய்ச் சூட்டில் சாகின்றன. குழாயில் சிப்பி ஒட்டாமலிருக்கக் குளோரின் கலக்கிறார்கள். சிப்பியைத் தடுக்கும் மருந்து சிப்பிக் குஞ்சையும் கொல்லும். விழிஞ்ஞத்தில் பாறையிலிருந்து சிப்பி பறித்துப் பிழைக்கும் முக்குளிப்பாளர்களை நினைத்துப் பார்த்தால் இது எத்தனை பெரிய விஷயம் என்று விளங்கும்.

சாம்பல்தான் நிலக்கரி நிலையத்தின் மிகப் பெரிய சுமை. 1,000 மெகாவாட் நிலையம் நாளொன்றுக்குச் சுமார் 15,000 டன் நிலக்கரியை எரிக்கும். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் என்று வைத்தால் தினமும் 5,000 டன். இதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புவது பழைய முறை. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் நடந்தது அதன் விளைவு. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியைக் கடந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகின்றன. குழாய்கள் துருப்பிடித்தன, உடைந்தன, ஆண்டுக்கணக்கில் ஒழுகின. சாம்பல் கழிமுகத்தின் அடியில் படிந்தது.

படிந்தால் என்ன ஆகும்? ஆழம் குறையும். படகை வெளியே கொண்டுபோக ஓதம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். கடல்நீர் உள்ளே வந்து திரும்பும் ஓட்டம் தளரும். இறால் சேற்றில் வளர்வது. சேற்றின் மேல் சாம்பல் மூடினால் அதற்கு இடமில்லை. அங்குள்ள காட்டுக்குப்பம் போன்ற ஊர்களில் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களுக்குப் படகுக்காரரைவிட முந்தி அடி விழுந்தது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் கடலுக்குப் போகும் வழியும் இதே கழிமுகம்தான் என்பதால், அது மேடானால் ஊருக்குள் வெள்ளம். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-ல் சாம்பல் கசிவுக்குத் தமிழ்நாடு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கிக் கழிமுகத்தை மீட்கச் சொன்னது. தீர்ப்பு சரியானது. ஆனால் அந்த நிலையம் ஓடத் தொடங்கியது 1994-ல். ஒரு தலைமுறை மீனவர்களின் உழைக்கும் வயது முழுவதும் அந்த இடைவெளிக்குள் போய்விட்டது.

சாம்பலைச் சிமென்டுக்கும் செங்கல்லுக்கும் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும், தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு என்று மத்திய அரசின் 2021 டிசம்பர் அறிவிக்கை சொல்கிறது. உலர்ந்த சாம்பலாக எடுத்தால்தான் அது நடக்கும்; தண்ணீரில் கரைத்துக் குளத்தில் கொட்டிய பின் வாங்குபவர் குறைவு.

எண்ணெய்க் கசிவும் ஒரு கேடு. அதற்கு உதாரணம் தேடித் தூரம் போக வேண்டாம். 2021 பிப்ரவரியில் கொச்சுவேளியில் உள்ள டைட்டானியம் ஆலையிலிருந்து உலை எண்ணெய் வடிகால் வழியே கடலில் கலந்தது. அது மின்நிலையம் அல்ல. ஆனால் நிலக்கரிக் கொதிகலனை மூட்டவும் இதுபோன்ற எண்ணெயைத்தான் பயன்படுத்துகிறார்கள். வேளி, சங்குமுகம் கரைகளில் மக்கள் நடமாட்டத்துக்குத் தடை வந்தது, மீன்பிடிப்பும் நின்றது. வலை போட்டவருக்கு மட்டுமா நஷ்டம்? கடற்கரையில் கடலை விற்பவர், ஆட்டோ ஓட்டுபவர், தேநீர்க் கடை வைத்திருப்பவர் என எல்லோருக்கும் அன்றைய வருமானம் போனது.

எனக்குப் படும் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. விதிகள் குழாயின் வாயில் அளக்கின்றன: இத்தனை டிகிரி, இத்தனை மில்லிகிராம். இழப்போ ஏலக்களத்தில் நிகழ்கிறது. குழாய் வாயில் எண்கள் சரியாக இருந்தும், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இறால் வரத்து பாதியாகலாம். அதை அளக்கும் பொறுப்பு யாருக்கும் தெளிவாகக் கொடுக்கப்படவில்லை. இழப்பீடு வரும்போதும் படகுப் பதிவும் மீனவர் அட்டையும் உள்ளவர்கள் முதலில் எண்ணப்படுகிறார்கள். தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்கள், ஐஸ் உடைப்பவர்கள், வலை பின்னுபவர்கள் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

இது மாற்ற முடியாததல்ல. விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகத் திட்டத்தில் சிப்பி பறிப்பவர்களும் கரையிலிருந்து கரமடி வலை இழுப்பவர்களும், கடற்கரை விடுதிகளில் வேலை பார்த்தவர்களும்கூட இழப்பீட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அந்தத் திட்டத்தின் மேல் மீனவர்களுக்குத் தீராத மனக்குறை உண்டு; 2022-ல் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். ஆனாலும் விடுதித் தொழிலாளியின் இழப்பும் இழப்புதான் என்று அரசே ஒப்புக்கொண்டது முக்கியமான முன்னுதாரணம். மின்நிலையங்களுக்கும் அதே அளவுகோலைக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு ஓர் இடமும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய அனல்மின் திட்டங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தில் மூன்று கேள்விகளுக்கு முதலில் பதில் தேடுங்கள்: வெந்நீர் எந்த இடத்தில் கடலில் சேர்கிறது, அங்கிருந்து மீன் இறங்குதளம் எவ்வளவு தூரம், சாம்பல் உலர்வாக எடுக்கப்படுகிறதா. பல அறிக்கைகளில் இரண்டாவது கேள்விக்கு ஒரு வரிதான் இருக்கும்.

ஆட்சேபம் சொல்லப் போகும்போது பழைய ஏலச் சீட்டுகளைக் கையில் வைத்திருப்பது நல்லது. திட்டம் வருவதற்கு முந்தைய மூன்று நான்கு ஆண்டுகளின் மீன் வரத்து, விலை, கடலுக்குப் போன நாட்கள் ஆகியவற்றைச் சங்கமோ கூட்டுறவோ எழுதி வைத்திருந்தால் அதுவே முதல் ஆதாரம். கடை வைத்திருப்பவர்கள் விற்பனைப் பற்றுச்சீட்டுகளையும் சேர்த்து வைக்கலாம். பிறகு வரும் நிபுணர் குழு 'முன்பு எப்படி இருந்தது' என்று கேட்கும்போது, நிலையத்தின் தரப்பில் கட்டுக்கட்டாகக் காகிதம் இருக்கும். கரையிலும் இருக்க வேண்டும்.