ஒரு பல் தவறினால் இயந்திரமே போகும்: கிரேங்க் சக்கரமும் சென்சரும் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஜோகூர் பாரு – பழைய புரோட்டோன் சாகா, வீரா, பெரோடுவா கஞ்சில் கார்களை வாங்கி, ‘ஹாஃப்கட்’ கடையில் ஜப்பானிய டர்போ இயந்திரம் தேடிப் பிடித்து, வார இறுதியில் பட்டறையில் பொருத்தும் இளைஞர்கள் ஜோகூரில் குறைவில்லை. கூலாய், குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளும் இதில் அடக்கம். டர்போவுக்கும் ரிம்முக்கும் பல மாதச் சம்பளத்தைக் கொட்டும் இவர்களில் பலர், கிரேங்க் முனையில் சுழலும் ஓர் இரும்புப் பல்சக்கரத்தையும் அதன் அருகில் நிற்கும் விரல் அளவு சென்சரையும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். செலவழித்த இயந்திரம் பிழைக்குமா என்பது பெரும்பாலும் அந்த இரண்டையும் பொறுத்தது.

எதற்கு இந்தச் சக்கரம்?

1985-இல் வெளிவந்த முதல் சாகாவில் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் இருந்தன. எந்தப் பிளக்குக்கு எப்போது தீப்பொறி போக வேண்டும் என்பதை டிஸ்ட்ரிபியூட்டரே கவனித்துக் கொண்டது. அது கேம் தண்டால் சுழல்கிறது. கேம் தண்டோ டைமிங் பெல்ட்டால் சுழல்கிறது. பெல்ட் தளர்ந்தாலும் தேய்மானம் ஏற்பட்டாலும் தீப்பொறி நேரம் சற்றே ஆடும். சாதாரண ஓட்டத்தில் அது தெரியாது. டர்போ அழுத்தத்தில் அதுவே ஆபத்து.

தனி இசியு பொருத்திய காரில் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதைக் கணினி ஒவ்வொரு நொடியும் அறிய வேண்டும். கிரேங்க் எனப்படும் சுழல்தண்டிலேயே பல்சக்கரம் பூட்டினால், நடுவில் பெல்ட் இல்லை. கணக்கு நேரடியாகக் கிடைக்கும். நிமிடத்திற்கு 6,000 சுற்று ஓடும்போது கிரேங்க் நொடிக்கு 100 முறை சுழல்கிறது. ஒரு பாகை நகர ஆகும் நேரம் நொடியில் 36,000-இல் ஒரு பங்குதான்.

36-1 அல்லது 60-2?

36-1 என்றால் 36 பற்களுக்கு இடம் விட்டு, ஒன்றை வெட்டி எடுத்த சக்கரம். ஃபோர்டு கார்களால் பரவியது. ஒரு பல்லுக்கு 10 பாகை. 60-2 என்றால் 60 இடங்களில் இரண்டு காலி. போஷ் நிறுவனத்தின் இசியுக்களால் பரவியது. ஒரு பல்லுக்கு 6 பாகை. காலி இடம் வரும்போது இசியு அதை அடையாளமாகக் கொண்டு எண்ணத் தொடங்குகிறது.

பல் அதிகம் இருந்தால் கணக்கு நுணுக்கமாகும் என்பது உண்மை. ஆனால் சக்கரத்தின் அளவையும் பார்க்க வேண்டும். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 471 மில்லிமீட்டர். அதில் 60 இடம் பிரித்தால் ஒரு பல் 4 மில்லிமீட்டர் அகலம்கூடத் தேறாது. 36 பிரித்தால் ஆறரை மில்லிமீட்டர் கிடைக்கும். சென்சர் முனையைவிடப் பல் மிகக் குறுகினால் சமிக்ஞை மங்கிவிடும். கஞ்சில் போன்ற சிறிய புல்லி உள்ள கார்களுக்கு 36-1 பாதுகாப்பான தேர்வு. எதை வாங்குவதற்கு முன்பும், பொருத்தப் போகும் இசியு அந்த வகையைப் படிக்குமா என்று விற்பவரிடம் கேட்டு உறுதி செய்வது அவசியம்.

எந்தச் சென்சர்?

விஆர் வகையில் வழக்கமாக இரண்டு கம்பிகள். காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டது. பல் கடக்கும்போது தானே மின்சாரம் உண்டாக்கும். விலை குறைவு, வெப்பம் தாங்கும். ஆனால் வேகம் குறைந்தால் சமிக்ஞையும் குறையும். பேட்டரி பலவீனமாகி ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழன்றால் இயந்திரம் பிடிக்காமல் போகலாம். இரண்டு கம்பிகளையும் மாற்றிப் பூட்டினாலும் கார் சில வேளை ஓடும். வேகம் ஏற ஏறத் தீப்பொறி நேரம் நழுவும். இந்தக் கோளாற்றைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஹால் வகையில் மூன்று கம்பிகள். மின்சாரம் கொடுக்க வேண்டும். வேகம் எதுவானாலும் ஒரே அளவு சமிக்ஞை தரும். புதிதாகப் பொருத்துபவர்களுக்கு இது எளிது. 5 வோல்ட் தேவையா 12 வோல்ட் தேவையா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிரேங்க் இரண்டு முறை சுழன்றால்தான் ஒரு முழுச் சுழற்சி முடியும் என்பதால், பிஸ்டன் மேலே வருவது அழுத்தத்திற்கா, புகை வெளியேற்றவா என்று கிரேங்க் சக்கரம் மட்டும் சொல்லாது. நான்கு சிலிண்டரில் இரண்டு பிளக்குகளுக்கு ஒரே நேரத்தில் பொறி கொடுக்கும் முறைக்கு அது போதும். ஒவ்வொரு பிளக்குக்கும் தனி காயில், வரிசைப்படி பெட்ரோல் தெளிப்பு என்று போனால் கேம் சென்சரும் வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

பழைய கார்களின் புல்லியில் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கும். வயதான ரப்பர் வழுக்கும். எனவே சக்கரத்தை வெளிவளையத்தில் ஒட்டாமல் உள்பகுதியில் பூட்ட வேண்டும். சென்சர் பிடிப்பான் தடித்த இரும்பில், இயந்திரத்தின் பிளாக்கோடு சேர்ந்திருக்க வேண்டும். இடைவெளி சென்சர் தயாரிப்பாளர் சொன்னபடி, பொதுவாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கம்பி கவசமிட்டதாக இருப்பதும், பிளக் வயர்களிலிருந்து விலகிச் செல்வதும் நல்லது.

பிஸ்டன் உச்சிக்கு வரும்போது காலி இடம் சென்சருக்கு நேராக இருக்கக் கூடாது. அப்போது கிரேங்கின் வேகம் ஏறி இறங்குவதால் இசியு குழம்பும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது டைமிங் லைட் சோதனை. இசியுவில் 10 பாகை என்று நிலைநிறுத்தி, புல்லியிலும் அதே 10 தெரிகிறதா என்று மெதுவான ஓட்டத்திலும் உயர் வேகத்திலும் பார்க்க வேண்டும். 36-1 சக்கரத்தில் ஒரு பல் தவறாக எண்ணினால் 10 பாகை பிழை. கணினித் திரையில் 20 என்று காட்டும். உள்ளே 30-இல் பொறி விழும். டர்போ அழுத்தத்தில் நாக்கிங் ஏற்பட்டுப் பிஸ்டன் உடைய அதிக நேரம் பிடிக்காது.

சாலைக்கு வரும் முன்

இயந்திரத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் ஒப்புதல் பெற்று, வாகனத்தைச் சோதனைக்கு உட்படுத்தி, பதிவில் இயந்திர எண்ணையும் மாற்ற வேண்டும். ஒப்புதல் இல்லாத காருக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் இழப்பீட்டிலும் சிக்கல் வரலாம். வேகத்துக்குரிய இடம் பந்தயத் தடமே. 1986-இல் திறக்கப்பட்டு, 1998-இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மலேசியச் சுற்றை நடத்திய பாசீர் கூடாங் தடம் நம் ஜோகூரில்தான் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பட்டறையில் கார் தயாரானதும் முதலில் டைமிங் லைட்டை எடுக்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலை, பல மாதச் சம்பளத்தைக் காப்பாற்றும்.