இருநூறாவது ஆண்டில் ஒரு சிறுமியின் குரல்

2023ஆம் ஆண்டின் பிற்பாதியில் மாத்தளை நகரிலே தமிழாசிரியர் இருவர் சந்தித்துக்கொண்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் பிள்ளைகளின் பாட்டில் வந்துதான் நின்றது. இடமாற்றமும் சம்பள நிலுவையும் ஒருபுறம் ஒதுங்கிவிட, “நேற்றுக் கேட்டீர்களா?” என்ற வினாவே முந்திக்கொண்டது. சென்னையிலிருந்து ஜீ தமிழ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ என்னும் சிறுவர் இசைப்போட்டியின் மூன்றாவது தொடர் அது. அதில் நம் நாட்டுச் சிறுமியர் இருவர் பாடினர். ஒருத்தி யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா. மற்றவள் புசல்லாவைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து சென்ற அசானி. டிசம்பர் 17ஆம் நாள் இறுதிப் போட்டியில் கில்மிஷா முதலிடம் பெற்றதும், இலங்கைத் தமிழர் வாழும் இடமெங்கும் மகிழ்ச்சி கரைபுரண்டது. அவ்வெற்றியைப் பற்றி எழுதியோர் பலர். மாத்தளையில் இருந்துகொண்டு நோக்குமிடத்து, அசானியின் பாட்டைப் பற்றி நேயர்கள் நிகழ்த்திய வாதமே எமக்கு மேலும் கருத்துக்குரியதாகத் தோன்றுகிறது.

மாத்தளையை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தென்னிந்தியத் தொழிலாளர் இந்நாட்டு மலைகளுக்கு வரத் தொடங்கியது 1823ஆம் ஆண்டு எனக் கணக்கிட்டு, 2023இல் மலையக மக்கள் தமது இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தார்கள். அம்மக்களின் முன்னோர் பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து, தலைமன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டினூடே கால்நடையாக வந்து, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாவுல என வழிநெடுகப் பசியாலும் பேதியாலும் உறவினரைப் பறிகொடுத்து, மலைவாயிலை அடைந்த இடம் மாத்தளை. அந்தப் பாதையிலேயே 2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் ஒரு நடைபயணம் தொடங்கிற்று. ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்னும் பெயரில், ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நடந்து, ஆகஸ்ட் 12ஆம் நாள் அது மாத்தளையில் நிறைவெய்தியது. காணியுரிமையும் வீடும் நியாயமான கூலியும் கேட்டு நடந்த நடை அது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்த ஆண்டு என்பதை நினைவிற் கொள்க.

அதே பருவத்திலேதான் அச்சிறுமி சென்னை மேடையில் நின்று பாடினாள். ஆண்டுநிறைவுச் சிறப்பு இசை நிகழ்ச்சியென்று எவரும் அதற்குப் பெயர் சூட்டி அழைப்பிதழ் அடிக்கவில்லை. கேட்ட மக்கள் தாமாகவே அதை அப்படி ஆக்கிக்கொண்டார்கள். எல்கடுவையிலும் றத்தோட்டையிலும் லயத்துக் கூரைகளின்மேல் வட்டத் தட்டுகள் பொருத்தப்பட்ட வீடுகளிலே, பாட்டன் பூட்டன் நடந்துவந்த கதைக்கு ஒரு பிள்ளை பதிற்குரல் கொடுக்கிறாள் என்ற உணர்வோடு அவள் கேட்கப்பட்டாள். முன்னோர் எக்கடலைத் தோணியிற் கடந்தனரோ அக்கடலை அவள் விமானத்திற் கடந்து, ஊரவரின் நல்வாழ்த்தோடு எதிர்த்திசையிற் சென்றாள் என்பது உணர்ச்சியைக் கிளறக்கூடிய செய்தியன்றோ!

நேயர் கருத்துகள் ஒரே வாய்க்காலில் ஓடவில்லை. பெரும்பாலோர் பெருமிதத்தோடு பேசினர். மலையகம் என்றொரு நிலப்பகுதி உண்டென்பதையே அறியாத தமிழ்நாட்டு இல்லங்கள் பலவற்றில் அப்பெயர் ஒலிக்கச் செய்தாள், இது எத்தனை மாநாடுகள் கூட்டியும் கைகூடாத காரியம் என்றார்கள் அவர்கள். இதனை மறுப்பதற்கில்லை. 1964இல் செய்யப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி லட்சக்கணக்கானோர் இங்கிருந்து கப்பலேறி, நீலகிரியிலும் பிற மாவட்டங்களிலும் குடியமர்ந்த பின்னரும், இம்மக்களின் வரலாறு அங்கே பாடநூலிலும் படக்கதையிலும் அருகியே காணப்படுகிறது. அந்த நிலையில் ஒரு சிறுமியின் பாட்டு கதவைத் தட்டியது பெரிதுதான்.

மற்றொரு சாரார் முகஞ்சுளித்தனர். பாட்டு முடிந்த மறுகணமே பிள்ளையின் வாழ்க்கைக் கதை கேட்கப்படுகிறது, பின்னணியில் வயலின் இழைகிறது, சபையில் யார் கண் கலங்குகிறார்கள் என்று கமெரா தேடுகிறது, வறுமையும் ஒரு விற்பனைச் சரக்காகிவிட்டதா என்பது அவர்கள் கேள்வி. இத்தகைய நிகழ்ச்சிகளின் இயல்பே இதுவாகிவிட்டது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். இசையறிந்த சிலரோ இவ்விரு சாராரையும் விட்டு விலகி, சுருதி நிற்கிறதா, தாளம் தப்புகிறதா, மேல்ஸ்தாயியில் குரல் இறுகுகிறதா என்று மட்டும் பேசினார்கள். அவர்களைக் கல்நெஞ்சர் என்று ஏசியவர்களும் உண்டு. எம்மைக் கேட்டால், அப்பிள்ளைக்கு உண்மையான மரியாதை செய்தவர்கள் அந்தக் கல்நெஞ்சர்களே என்போம். அவளைப் பாடகியாக மதித்துக் குறை கண்டவர்கள் அவர்கள். பெருமைப்பட்டோரும் முகஞ்சுளித்தோரும் அவளது லயத்தைப் பற்றிப் பேசினார்களேயன்றி அவளது ‘லய’த்தைப் பற்றிப் பேசவில்லை. (சொல் விளையாட்டை நேயர்கள் பொறுத்தருள்க. தோட்டத்து வரிசைக் குடியிருப்புக்கும் இசையின் தாளவொழுங்குக்கும் நம் வழக்கில் ஒரே சொல் வாய்த்தது எமது குற்றமன்று.)

இவ்விடத்தில் பழைய இலங்கை வானொலியின் ‘சிறுவர் மலர்’ நிகழ்ச்சியை எண்ணாதிருக்க முடியவில்லை. ‘வானொலி மாமா’ எனப் பெயர்பெற்ற சரவணமுத்து அவர்கள் நடத்திய அந்நிகழ்ச்சி, பிற்காலத்துக் கலைஞர் பலருக்குத் தொட்டிலாக அமைந்தது. அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீத் அவர்களும் அதிற் குரல்கொடுத்த சிறுவராகவே ஒலிபரப்புத் துறைக்கு அறிமுகமானவர். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்ற பிள்ளையின் சட்டை கிழிந்ததா, புதியதா என்று கேட்போர் அறியார். தந்தை கங்காணியா, கணக்கப்பிள்ளையா, கடைக்காரரா என்று எவரும் வினவவில்லை. குரல் ஒன்றே அங்கே செல்லுபடியான நாணயம். அந்நாளில் தோட்டத்துக் காம்பராக்களில் வானொலிப் பெட்டி அரிது என்பதும், கொழும்புக் கலையகத்துக்கு மலையகப் பிள்ளை போய்ச் சேர்வது அதனினும் அரிது என்பதும் உண்மைதான். ஆகவே அக்காலத்தைப் பொற்காலமென்று வருணிக்க நாம் முற்படவில்லை.

1982இல் ரூபவாஹினி தொடங்கிற்று. 1998இல் சக்தி தொலைக்காட்சி வந்தது. ‘சக்தி சூப்பர் ஸ்டார்’ முதலிய போட்டிகள் இங்கும் நடந்தன. எனினும், தமிழ்ப் பிள்ளை ஒன்று பாடிப் பெயர்பெறச் சென்னைக்கே போகவேண்டும் என்ற எண்ணம் இன்றும் நிலைத்திருப்பதை அவ்வாண்டு மீண்டும் மெய்ப்பித்தது. இதற்குச் சந்தையின் பருமன் காரணம். அதைக் குறைகூறிப் பயனில்லை.

நேயர் வாதத்தில் எமக்குக் குறையாகப்பட்டது வேறொன்று. பாடியவளைப் பற்றி அத்தனை பேசியவர்கள், எப்பாட்டு என்ற கேள்வியைத் தொட்டுச் சென்றார்களேயன்றி அதில் நின்று பேசவில்லை. அம்மேடை திரையிசைக்காக அமைந்த மேடை. அங்கே ஏறும் பிள்ளை எந்நாட்டினதாயினும் திரைப்பாடலையே பெரிதும் பாடவேண்டியிருக்கும். இருநூறு ஆண்டுகளாக இம்மலைகளிலே பிறந்த பாடல்கள் இல்லையா? உண்டு. கப்பற்பயணமும் கண்டிச்சீமை நடையும், கங்காணியின் அதட்டலும் துரையின் குதிரையும், விடியலில் தப்பொலி கேட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓடும் அவசரமும், தொட்டிலிலே விட்டுவந்த குழந்தையின் நினைப்பும் தெம்மாங்காகவும் தாலாட்டாகவும் ஒப்பாரியாகவும் பாடப்பட்டிருக்கின்றன. மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) அவற்றைத் தேடிச் சேகரித்து, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாகத் தந்து சென்றார். மாசி மாதத்துக் காமன் கூத்திலே இன்றும் இரவிரவாகப் பாட்டு நடக்கின்றது. இவற்றில் ஒன்றை ஒரு மலையகச் சிறுமி, அதுவும் இருநூறாவது ஆண்டிலே, பல நாட்டுத் தமிழர் கேட்கும் மேடையிற் பாடுவதாயின் அது எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆறுதல் மொழி எதுவும் அதற்குத் தேவைப்பட்டிராது.

இக்கருத்தை மாத்தளைப் பாடசாலையொன்றின் இளம் ஆசிரியை ஒருவரிடம் வெளியிட்டபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “பிள்ளைகள் விரும்புவதைப் பாடட்டும் ஐயா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை எந்தப் பாட்டையும் பாடலாம், தோட்டத்துப் பிள்ளை மட்டும் தோட்டத்துப் பாட்டையே பாடவேண்டும் என்பது இன்னொரு லயத்துக்குள் அடைப்பது அல்லவா?” என்று கேட்டார். மேலும் ஒன்று சொன்னார். இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தின் மூலம் நாட்டார் மெட்டுகளைத் திரைக்குக் கொண்டுவந்த பின்னர், எது கிராமத்துப் பாட்டு, எது சினிமாப் பாட்டு என்று பிரித்துக் காண்பது நம்மால் ஆகிற காரியமில்லை, அந்த மெட்டுகள் பிறந்த ஊர்களிலிருந்துதான் நம் முன்னோரும் கப்பலேறினார்கள் என்றார்.

கூர்மையான மறுப்பு. எளிதிற் புறந்தள்ளக்கூடியதன்று. மெட்டு கடல்கடந்து திரும்பி வந்தது மெய்யே. சொற்கள் அப்படி வரவில்லை என்பதே நாம் அவருக்குச் சொன்ன விடை. பிரட்டுக்களமும் கொழுந்துக் கூடையும் காம்பராவும் எந்தச் சென்னைக் கவிஞரின் ஏட்டிலும் இயல்பாக வந்து அமர்வதில்லை. அவை இங்குள்ளோர் வாயில்தான் இருக்கின்றன. அவ்வாசிரியை சிறிது யோசித்து, தம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டிலுள்ள முதியோர் பாடும் பாட்டொன்றை எழுதிவரச் சொல்லிப் பார்ப்பதாகக் கூறினார். முப்பத்திரண்டு பிள்ளைகளில் ஒன்பது பேர் எழுதி வந்தார்களாம். ஏழு பேர் எழுதியது சினிமாப் பாட்டு. எஞ்சிய இரண்டையும் எமக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.