ஆறு அளவு அதிர்வு ஏன் இரண்டாயிரம் உயிர்களைக் குடித்தது?

2025 ஆகஸ்ட் 31 ஆம் திகதி நள்ளிரவை அண்மித்த வேளையில் ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணத்தை உலுக்கிய நில அதிர்வின் அளவு 6.0. மௌத்தானவர்கள் 2,200 இற்கும் அதிகம். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 2015 ஒக்டோபர் 26 ஆம் திகதி, அதே நாட்டின் பதக்‌ஷானில் 7.5 அளவான அதிர்வு ஏற்பட்டது. ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலுமாக அதில் உயிரிழந்தோர் சுமார் 400 பேர்.

அளவில் ஒரு புள்ளி கூடினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்காகும். அப்படிப் பார்த்தால் 2015 அதிர்வு, குனார் அதிர்வை விட ஏறத்தாழ 180 மடங்கு பெரியது. "அப்படியென்றால் சிறியதில் ஏன் சேர் கூடுதலாக மௌத்தாகினார்கள்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அதே வாரம் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, அம்மக்களின் பாவத்துக்கான தண்டனை இது என்று ஒருவர் அடித்துச் சொன்னதையும் கேட்டேன். கத்ரை நம்புகிறவன்தான் நானும். ஆனால் உறக்கத்திலிருந்த பிள்ளைகள் மீது பாவத்தைச் சுமத்துவதற்கு முன்னர், அந்த மலைகளுக்கடியில் என்ன நடக்கிறது என்றாவது நாம் பார்க்க வேண்டாமா?

முதல் விடை ஆழம். 2015 இல் பாறை உடைந்தது 200 கிலோமீற்றருக்கும் கீழே. குனாரில் உடைந்ததோ வெறும் 8 கிலோமீற்றர் ஆழத்தில். தொலைவிலுள்ள பெரிய விளக்கு ஊர் முழுவதும் மங்கலாக ஒளி வீசும். முகத்துக்கு நேரே பிடித்த டோர்ச் கண்ணைக் குருடாக்கும். 2015 அதிர்வை டில்லியிலும் உணர்ந்தார்கள். குனாரின் அழிவு சில பள்ளத்தாக்குகளுக்குள் அடங்கியது. ஆனால் அங்கே எதையும் விட்டுவைக்கவில்லை.

ஒரே மலைத்தொடரில் இவ்வளவு வேறுபட்ட ஆழங்கள் எப்படி வருகின்றன? சாதாரணமாக 200 கிலோமீற்றர் ஆழத்தில் பாறை சூடேறி இளகி இருக்கும், சடாரென்று உடையாது. இந்துகுஷ் மலைக்கடியில் மட்டும், பண்டைய மோதலில் கீழே அமிழ்ந்த குளிர்ந்த தட்டுத் துண்டொன்று ஏறக்குறைய செங்குத்தாகத் தொங்குகிறது. பராட்டா மாவை ஒரு கையில் தூக்கிப் பிடித்தால் தன் பாரத்தாலேயே அது நீண்டு, நடுவில் மெலிந்து, அறுந்துவிடப் பார்க்குமல்லவா? அதுபோலத்தான் அத்துண்டும் நீள்கிறது. 2015 இல் உடைந்தது அதில் ஒரு பகுதி.

குனாரின் கதை மேலோட்டில் நடப்பது. இந்தியப் புவித்தட்டு வடக்கு நோக்கி ஆண்டுக்குச் சுமார் 4 சென்றிமீற்றர் நகர்ந்து, யூரேசியத் தட்டை நெருக்குகிறது. இமயம் இந்த மோதலின் முன்பக்கம் என்றால், ஆப்கானிஸ்தான் அதன் வடமேற்கு மூலை. மூலையில் இரண்டு வேலை நடக்கிறது: வடக்கே நெரிபடுவது, மேற்கே உராய்ந்தபடி கடந்து செல்வது. 2022 ஜூன் 22 ஆம் திகதி பக்திகா, கோஸ்ட் பகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலியெடுத்த அதிர்வும் 6 ஐ ஒட்டியதுதான். அதில் பாறைகள் பக்கவாட்டில் நழுவின. குனாரிலோ ஒரு பாறைத் தொகுதி மற்றதன் மேல் ஏறியது. இடையே உள்ள தூரம் இருநூறு கிலோமீற்றர் சொச்சம். ஒரே தள்ளுதல், இரண்டு விதமான முறிவு.

உராய்வுக்குப் பழைய சாட்சி ஒன்றுண்டு. 1892 டிசம்பரில் இன்றைய பாகிஸ்தான் எல்லையிலுள்ள சமன் பகுதியில் மிதமான அதிர்வொன்று ஏற்பட்டது. பிளவைக் குறுக்கறுத்துச் சென்ற ரயில் தண்டவாளம் நெளிந்து, இரண்டடிக்கும் மேல் இடம் மாறியது. புவித்தட்டுக் கோட்பாடு உருவாக இன்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது. எந்தப் பக்கம் எத்திசையில் நகர்ந்தது என்பதை அந்தத் தண்டவாளமே காட்டிக் கொடுத்தது. இன்று அந்த வேலையைச் செய்மதிகளின் ராடார் செய்கிறது. பெரும் அதிர்வுகள் எப்போதாவதுதான் வரும். ஆகவே ஆய்வாளர்கள் மலையின் உள்ளமைப்பை அதிகம் கற்பது இந்த மிதமானவற்றிலிருந்துதான். யுத்தத்தால் சிதைந்து, அதிர்வுமானிகள் குறைந்த ஒரு நாட்டில் இது இன்னும் உண்மை.

நமக்கும் இதில் தொடர்புண்டு. இலங்கை இருப்பதும் அதே இந்தியத் தட்டில்தான். விளிம்பிலிருந்து தள்ளி இருப்பதால் நாம் ஓரளவு தப்பியிருக்கிறோம். ஆனால் அதன் கிழக்கு விளிம்பு 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அருகே உடைந்தபோது, மருதமுனைக்கும் கல்முனைக்கும் ஹம்பாந்தோட்டைக்கும் கடல் வந்தது. அப்போதும் நம்மைப் பார்த்துத் தண்டனை என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

இனி இரண்டாவது விடை. குனாரில் உயிர்களைப் பறித்தது பெரும்பாலும் வீடுகள்: கல்லும் களிமண்ணும் அடுக்கிய, பிணைப்பில்லாத சுவர்கள், அவற்றின் மேல் பாரமான கூரை. நேரமோ எல்லோரும் உள்ளே உறங்கும் நேரம். மண்சரிவுகள் பாதைகளை மூடியதால் மீட்புக்குச் சென்றவர்களும் தாமதித்தார்கள். சுவருக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தி, இடைவெளியைக் கல்லாலும் மண்ணாலும் நிரப்பும் பழைய முறையொன்று அண்டையிலுள்ள காஷ்மீரில் உண்டு. 'தஜ்ஜி' என்பார்கள். அதிர்வில் அச்சுவர் வெடிக்கும், உதிரும். ஆனால் ஒட்டுமொத்தமாக ஆட்கள் மேல் சரிவது அரிது. 70,000 இற்கும் அதிகமானோர் இறந்த 2005 காஷ்மீர் அதிர்வுக்குப் பிறகு, மீள்கட்டுமானத்துக்கு ஏற்ற முறையாகப் பாகிஸ்தான் அரசு அதை அங்கீகரித்தது. ஊர்த் தச்சர்களே அத்தகைய வீடுகளைக் கட்டிக் கொடுத்தார்கள்.