அமிர்தி வனம்

ஆரணியின் தறிகளில் மயிலும் மானும் நாள்தோறும் பிறக்கின்றன. சேலைக் கரையில் சரிகையால் அவற்றை உருவாக்கும் நெசவாளருள் எத்தனை பேர், அவை உயிருடன் உலவக் கண்டிருப்பர்? ஆப்பிரிக்கப் புல்வெளியில் சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் காணச் செல்வந்தர் கடல் கடந்து போகின்றனர். நமக்கு அத்தனை தொலைவு வேண்டுவதில்லை. கண்ணமங்கலம் சென்று மேற்கே திரும்பினால், ஜவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தி வனம் நம்மை வரவேற்கும்.

இங்குள்ள சிறு வனவிலங்குப் பூங்கா 1967-இல் திறக்கப்பட்டது. பரப்பு சுமார் 25 ஹெக்டேர். சிங்கமும் யானையும் இல்லையே என்று குறைப்பட வேண்டாம். மரநிழலில் புள்ளிமான் கூட்டம் மேய்கிறது. சிறு சருகு அசைந்தாலும் எல்லாக் காதுகளும் ஒருங்கே நிமிர்கின்றன. கலைமானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. பிணைக்கோ கொம்பே கிடையாது. கரையில் வாய் பிளந்து கிடக்கும் முதலையைக் கண்டு குழந்தைகள் அஞ்சுவர். அது சினமன்று, உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும் உபாயமே. 1963-இல் நம் தேசியப் பறவையாகிய மயிலோ, கார்காலம் கழிந்ததும் தன் தோகையை உதிர்த்துவிட்டு ஏழையைப்போல் நிற்கும்.

பூங்காவை ஒட்டி மலைச்சரிவெங்கும் காடு. சந்தனத்துக்குப் பெயர்பெற்ற இம்மலையில் கள்ளக் கோடரிக்கு இரையான மரங்கள் அநேகம். மழைக்காலத்தில் பாறைகளினூடே அருவி ஆர்ப்பரித்து இறங்கும் காட்சி கண்ணுக்கு விருந்து.

அந்த நீர் எங்கே போகிறது? அங்கேதான் ஆரணிவாசிகளுக்கு விசேஷ அக்கறை உண்டாக வேண்டும். இவ்வனத்தில் பிறக்கும் நாகநதியே கமண்டல நதியுடன் கூடி, கமண்டல நாகநதி என்ற பெயருடன் நம் ஊரருகே ஓடுகிறது. பட்டுநூலைச் சாயம் தோய்த்து அலசுவதற்கு நல்ல நீர் வேண்டாமா? காடு அழிந்தால் மழைநீர் மண்ணில் தங்காது. ஒரே நாளில் வெள்ளமாய் ஓடி மறையும். பிறகு ஆற்றில் மணலே மிஞ்சும். நாகநதி அவ்வாறு பல ஆண்டுகள் வறண்டு கிடந்ததுண்டு. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் கிராமப் பெண்கள் மண்வெட்டி ஏந்தி, நீர் ஊறும் உறைகிணறுகளை அமைத்து அதற்கு மீண்டும் உயிரூட்ட முற்பட்டனர். தேசத்தொண்டு என்பது இதுவன்றோ!

ஆகவே, நேயர்களே, அடுத்த விடுமுறையில் குழந்தைகளை அமிர்திக்கு அழைத்துச் செல்லுங்கள். மானைக் காட்டியபின் மரத்தையும் காட்டுங்கள். நம் வீட்டுக் கிணற்றுநீர் அதன் வேரடியிலிருந்து வருவதைச் சொல்லுங்கள்.