நகருக்கு நகர் உறவு

அரசுகள் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கைகள் பெட்டகத்தில் உறங்குவன. மக்கள் பூணும் உறவோ வீட்டு வாயிலில் விளங்குவது. இவ்வுண்மையை யப்பானிய, அமெரிக்க நகரங்களின் சகோதர உறவில் நான் காண்கின்றேன்.

1945 ஆகஸ்ட் 9ஆம் நாள் நாகசாக்கி நகர்மீது அமெரிக்கா அணுகுண்டு வீசிற்று. பத்தாண்டுகள் கழிந்து, 1955 டிசம்பர் 7ஆம் நாள், மினசோட்டா மாநிலத் தலைநகரான செயின்ற் போல், அதே நாகசாக்கியைச் சகோதர நகராக வரித்துக்கொண்டது. 1941இல் யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியதும் ஒரு டிசம்பர் 7ஆம் நாளிலேதான்! இரு நாட்டு நகரங்களிடையே எழுந்த முதல் சகோதர உறவு இதுவே. 1959இல் ஹொனலூலுவும் ஹிரோஷிமாவும் கைகோத்தன. அடிபட்ட நகரங்களே அன்புக்கு முன்வந்தமை சிந்திக்கத்தக்கது.

இவ்வுறவு வெறும் விருந்துபசாரத்தோடு நின்றுவிடவில்லை. மாணவர் கடல் கடந்து சென்று அயல்நாட்டு இல்லங்களில் தங்கினர். நாகசாக்கியின் தோட்டக்கலைஞர் மசாமி மற்சுடா வகுத்த யப்பானியப் பூங்கா 1979இல் செயின்ற் போலில் மலர்ந்தது. 1992இல் செயின்ற் போல் மக்கள் அளித்த சிற்பம் நாகசாக்கியின் சமாதானப் பூங்காவில் நிற்கின்றது.

ஆயினும் உறவு முறிவதும் உண்டு. போர்க்காலத்தில் யப்பானியப் படையினரால் கொடுமைக்குள்ளான பெண்களின் நினைவுச் சிலை சான்பிரான்சிஸ்கோவில் எழுந்தது. அதன் பொருட்டு, 1957 முதல் நிலவிய சகோதர உறவை ஒசாக்கா நகரம் 2018இல் துண்டித்தது. மறைத்த புண் ஆறுவதில்லை.

அதே சான்பிரான்சிஸ்கோவில் 1951இல் கூடிய சமாதான மாநாட்டிலேதான், இலங்கையின் சார்பில் ஜே. ஆர். ஜயவர்த்தனா, யப்பானிடம் இழப்பீடு வேண்டோம் என்று உரைத்தார். பகை தணிக்கும் பணியில் நம் நாட்டுக்கும் பங்குண்டு என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

தமிழ் நகரங்களும் இந்நெறியை அறியாதனவல்ல. சென்னை 1984இல் அமெரிக்காவின் டென்வருடனும், யாழ்ப்பாணம் 2016இல் இங்கிலாந்தின் கிங்ஸ்ரனுடனும் உறவு பூண்டன. நம் மலையகத்துக்கு உறவூர் எது?

அதனைத் தேடிக் கடல்கள் பல கடக்க வேண்டியதில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என ஒரு லயத்துக் குடும்பங்கள் இரண்டாயின. அவ்வாறு சென்றோரின் மறுவாழ்வுக்காகத் தமிழ்நாட்டரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்றும் அவர்தம் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அங்கும் மலை, அங்கும் பனி, அங்கும் கொழுந்துக் கூடை!

பகைவராய் இருந்தோர் முயன்று உறவினராயினர். உறவினராய்ப் பிறந்த நாமோ அயலாராகிக்கொண்டிருக்கின்றோம். முன்னோரின் முகம் அறிந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைகின்றனர். அவர்களோடு ஊர்ப்பெயரும் முறைப்பெயரும் மறைகின்றன. நகரசபைத் தீர்மானம் வரும்போது வரட்டும். புசல்லாவைப் பாடசாலை ஒன்றும் கோத்தகிரிப் பள்ளி ஒன்றும் கடிதம் எழுதிக்கொள்ள எந்த ஒப்பந்தம் வேண்டும்? தம் பாட்டனார் எந்தத் தோட்டத்தினர் என்று மாணவர் ஒருவரையொருவர் வினவட்டும். அவ்வினாவே உறவின் முதற் பாலமாகும்.