ஃபோர்வீல் பிக்கப் வாங்கப் போகிறீர்களா? பாதையையும் பாரத்தையும் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள்!

ஐப்பசி மழை. வாழைத்தார்களை வெட்டி வரப்போரம் அடுக்கியாகிவிட்டது. வாடகை வண்டிக்காரர் தார்ச்சாலையிலேயே நின்றுகொண்டு, "உள்ளே வந்தா சிக்கிக்கும், தூக்கிட்டு வந்துடுங்க" என்கிறார். அரை கிலோமீட்டர் தலைச்சுமைக்கு ஆள்கூலி தனி. மண்டிக்குப் போய்ச் சேரும்போது ஏலம் முடிந்திருக்கும்.

இப்படி ஒருநாள் பட்டவர்களுக்கு, 'நாமே ஒரு ஃபோர்வீல் பிக்கப் வாங்கிவிட்டால் என்ன?' என்ற எண்ணம் வருவது இயல்பு. நல்ல எண்ணம்தான். ஆனால், டிராக்டருக்கு அடுத்தபடியாக ஒரு விவசாயக் குடும்பம் வாங்கும் பெரிய பொருள் இது. ஷோரூமில் பளபளப்பைப் பார்த்து முடிவெடுத்தால், ஐந்து வருடம் தவணை கட்டும்போது வருத்தப்பட வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன்பு பார்க்க வேண்டியவற்றையும், வாங்கிய பிறகு வண்டியில் பொருத்த வேண்டியவற்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

ஃபோர்வீல் யாருக்குத் தேவை?

சாதாரண பிக்கப்பில் இன்ஜினின் சக்தி பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும். தொட்டி காலியாக இருக்கும்போது பின்பக்கம் எடை குறைவு. அதனால்தான் காலி வண்டி சேற்றில் சுலபமாகச் சிக்குகிறது. ஒரு சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் சக்தி முழுவதும் அந்தச் சக்கரத்திலேயே சுற்றி வீணாகும். நான்கு சக்கர இயக்கத்தில் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுப்பதால் வண்டி வெளியே வந்துவிடும்.

கொல்லிமலை, சிறுமலை, ஜவ்வாது மலை, கொடைக்கானல் கீழ்மலை போன்ற இடங்களில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும், மழையில் களியாகிவிடும் கரிசல் மண்ணிலும் டெல்டா வயல் பாதையிலும் தினமும் போய்வருபவர்களுக்கும் இது உண்மையான தேவை.

உங்கள் தோட்டம் செம்மண் சமவெளியில் இருக்கிறதா? வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் மட்டும்தான் பாதை மோசமாகிறதா? அப்படியென்றால் ஃபோர்வீலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பாதைக்கு நாலு லோடு கிராவல் அடித்துவிடலாம். சாதாரண பிக்கப்பும், சேற்றுக்கு ஏற்ற பட்டன் டயர்களும் போதும். ஃபோர்வீல் வண்டிக்கு வாங்கும் விலை மட்டும் அதிகமில்லை. டீசலும் பராமரிப்பும் கூடுதலாகும்.

மஹிந்திரா பொலேரோ கேம்பர், டாடா யோதா, இசுசு டி-மேக்ஸ் ஆகியவற்றில் நான்கு சக்கர இயக்க வகைகள் வந்திருக்கின்றன. எந்த வண்டியானாலும், அதன் சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை முதலில் கேளுங்கள். அறுவடை நேரத்தில் வண்டி நின்றால், நூறு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போக முடியாது.

இரண்டு எண்களைப் பாருங்கள்

வண்டி எவ்வளவு இழுக்கும் என்று விற்பனையாளரைக் கேட்டால், "எவ்வளவு வேணும்னாலும் ஏத்துங்க" என்பார். அதை நம்பாதீர்கள். ஆர்.சி.யில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று காலி வண்டியின் எடை; இன்னொன்று சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம்.

உதாரணமாக, மொத்த எடை 2,900 கிலோ, காலி எடை 1,700 கிலோ என்றால் மிச்சம் 1,200 கிலோ. ஓட்டுநர், உடன் வருபவர், நீங்கள் பிற்பாடு பொருத்தும் கிரில், இரும்புத் தகடு எல்லாமே இந்த 1,200-க்குள் அடக்கம். யூரியா மூட்டை 45 கிலோ. 24 மூட்டை ஏற்றினாலே 1,080 கிலோ ஆகிவிடும். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி, தண்ணீர் மட்டுமே ஒரு டன். அதுவும் பாதி நிரம்பிய தொட்டி வளைவில் அலம்பி வண்டியைச் சாய்க்கும். தண்ணீர் கொண்டுபோவதாக இருந்தால் தடுப்புள்ள தொட்டியாக வாங்கி, முழுதாக நிரப்பி, அசையாமல் கட்டுங்கள்.

இரண்டு வரிசை இருக்கை கொண்ட பிக்கப்புகளில் குடும்பத்தோடு போகலாம்; ஆனால் தொட்டி சிறிது. கார் போன்ற வசதிகளுடன் வரும் வகைகள் சிலவற்றில் ஏற்றும் பாரமும் மிகக் குறைவு. பார்வைக்குப் பெரிய வண்டி, அதிகப் பாரம் தாங்கும் வண்டி என்று அர்த்தமில்லை.

வாடகையா, சொந்தமா?

ஒரு கணக்குப் போடுவோம். 8 லட்சம் ரூபாய் கடன், குறையும் முதலுக்கு 10 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 17,000 ரூபாய். வருடத்துக்கு 2,04,000. இன்சூரன்ஸ், எஃப்.சி., வரி, சர்வீஸ், டயர் தேய்மானம் எல்லாம் சேர்த்து 60,000 என்று வையுங்கள். மொத்தம் 2,64,000 ரூபாய்.

மண்டிக்கு ஒருமுறை போக வாடகை வண்டி 2,000 ரூபாய் கேட்கிறது, சொந்த வண்டியில் டீசல் 600 ரூபாய் ஆகிறது என்றால், ஒரு நடைக்கு மிச்சம் 1,400 ரூபாய். 2,64,000-ஐ 1,400-ஆல் வகுத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 190 நடை. அதாவது, வாரத்துக்கு மூன்று நான்கு நடை ஓடினால்தான் கையைக் கடிக்காது. காய்கறி, பூ, பால் என்று தினமும் சரக்கு அனுப்புபவருக்கு இது சாதாரணம். வருடத்துக்கு இரண்டு போகம் நெல் மட்டும் போடுபவருக்கு நிச்சயம் கட்டுப்படியாகாது. தொகைகளை மாற்றி, உங்கள் ஊர் வாடகையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அக்கம்பக்கத்து விவசாயிகளின் சரக்கையும் வாடகைக்கு ஏற்ற முடியுமானால் அந்த வருமானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், வட்டியைச் சொல்லும் விதம். '10 சதவீத வட்டி' என்று இரண்டு பேர் சொன்னாலும் இரண்டும் ஒன்றல்ல. மேலே சொன்ன குறையும் முதல் கணக்கில் 5 வருடத்துக்கு மொத்த வட்டி சுமார் 2,20,000. அதுவே ஃபிளாட் வட்டி என்றால், கட்டிய முதலுக்கும் சேர்த்துக் கடைசிவரை வட்டி போடுவார்கள். மொத்த வட்டி 4,00,000. வித்தியாசம் 1,80,000 ரூபாய்! "ஃபிளாட்டா, குறையும் முதலா?" என்று கேட்டு, மாதத் தவணையையும் மொத்தமாகக் கட்டப்போகும் தொகையையும் எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

விலைப்பட்டியல் வாங்கும்போது தேதியையும் பாருங்கள். சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய பட்டியலைக் காட்டினால் ஏமாறாதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

ஷோரூம் வாசலில் ஒரு சுற்று சுற்றுவது போதாது. முடிந்தால் வண்டியை உங்கள் தோட்டத்துக்கே வரச் சொல்லுங்கள். வரப்பு ஏறும்போது அடி தட்டுகிறதா, திருப்பத்தில் ஒரே வீச்சில் திரும்புகிறதா, மூட்டை தூக்கி வைக்கத் தொட்டியின் உயரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டை தூக்கும் ஆட்களையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கும். வண்டி சூடேறி, சற்று வேகமாக ஓடும்போதுதான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். தினமும் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். டேஷ்போர்டில் அதற்கான விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

ஃபோர்வீலை எப்போது போட வேண்டும்?

பெரும்பாலான பிக்கப்புகளில் மூன்று நிலைகள் இருக்கும். தார்ச்சாலையில் டூவீல். சேறு, மணல், ஈரப் புல்லில் ஃபோர் ஹை. செங்குத்தான ஏற்ற இறக்கம், ஆழமான சேற்றில் ஃபோர் லோ. காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர்வீலில் ஓட்டக் கூடாது. திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் சுற்ற வேண்டும். இரண்டும் பூட்டப்பட்டிருப்பதால் கியர் பாகங்கள் முறுக்கிக்கொண்டு உடையும்.

மலையில் இறங்கும்போது ஃபோர் லோவில் முதல் கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் சூடாகாது. ஆனால், ஃபோர்வீல் இழுக்க உதவுமே தவிர, பிரேக் பிடிக்கும் தூரத்தைக் குறைக்காது. ஈரச்சாலையில் வேகம் வேண்டாம்.

நான்கு டயர்களும் ஒரே அளவு, ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். பின்னால் புதிது, முன்னால் பழையது என்று போட்டால் கியர் பாகங்களுக்குக் கேடு. மாதம் ஒருமுறை மண்பாதையில் ஃபோர்வீலைப் போட்டுச் சிறிது தூரம் ஓட்டுங்கள். இல்லையென்றால் தேவைப்படும் நாளில் விழாது.

எதைப் பொருத்தலாம்?

* தொட்டியின் தரையில் செக்கர் பிளேட் அல்லது கனமான ரப்பர் விரிப்பு. உரமும் சாணமும் இரும்பை அரிக்கும். ஏற்றிய அன்றே தொட்டியையும் அடிப்பகுதியையும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.
* கயிறு கட்டக் கொக்கிகள், நல்ல தார்ப்பாய், அகலப் பட்டைக் கயிறு.
* சிக்கிய வண்டியை எடுக்க இழுவைப் பட்டை, மண்வெட்டி, இரண்டு கெட்டிப் பலகைகள். சேற்றில் ஜாக்கி புதையும். அதன் அடியில் வைக்கவும் பலகை உதவும்.
* காற்று அளக்கும் கருவியும், பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பும். காலி வண்டிக்கும் பார வண்டிக்கும் காற்றளவு வேறு. கதவோர ஸ்டிக்கரில் பாருங்கள்.
* தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, பின்னாலும் பக்கவாட்டிலும் ஒளிரும் பட்டைகள். விடியற்காலை மண்டிக்குப் போகும் வண்டிக்கு இந்தப் பட்டைதான் உயிர்க்காப்பு.

எதைப் பொருத்தக் கூடாது?

முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பித் தடுப்பை மாநிலங்கள் தடுக்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே எழுதிவிட்டது. மோதலின் அதிர்ச்சி நேராக வண்டிக்குள் வரும். ஏர்பேக் சரியாக விரியாமலும் போகலாம். கூடுதல் ஸ்பிரிங் பட்டை வைத்தால் வண்டி தொங்காமல் நிற்கும், ஆனால் ஆர்.சி.யில் உள்ள எடை மாறாது, பிரேக்கும் அச்சும் பழையவைதான். கூடுதல் பாரத்துக்குச் சட்டம் சொல்லும் அபராதம் 20,000 ரூபாய். அதோடு அதிகமான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒயரை வெட்டி விளக்குப் பொருத்தினால் வாரன்டி போய்விடலாம்.

காகிதங்கள்

சரக்கு வாகனமாகப் பதிவான புது வண்டிக்கு 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறையும், பிறகு வருடம்தோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வாகனத்துக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

தொட்டியில் ஆள் ஏற்றாதீர்கள்

கடைசியாகச் சொன்னாலும் இதுதான் முக்கியம். களையெடுக்க, நாற்று நட, கோயில் திருவிழாவுக்கு, துக்க வீட்டுக்கு என்று லோடு வண்டியில் பத்து இருபது பேர் நின்றுகொண்டு போவதை நாம் தினமும் பார்க்கிறோம். வண்டி கவிழ்ந்தால் தொட்டியில் நிற்பவருக்குப் பிடிமானம் இல்லை, பெல்ட் இல்லை, கூரை இல்லை.

சரக்கு வாகனத்தில் பயணியாக ஏறிக்கொண்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியானால், இழப்பீட்டுச் சுமை வண்டி உரிமையாளரான உங்கள் தலையில்தான் விழும். உங்கள் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவரின் உயிரும் போய், அதைக் கட்ட உங்கள் நிலமும் போகும் நிலை வரலாம். ஆட்களை அழைத்துவர வேறு வண்டி பிடியுங்கள். "பக்கத்துலதானே, ஏத்திக்கங்க" என்று யார் கேட்டாலும், "மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிடுங்கள்.

நாளைக்கே ஷோரூமுக்குப் போவதாக இருந்தால், அதற்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். வருடத்தில் பாதை மோசமாக இருக்கும் நாட்கள் எத்தனை? ஒரு நடைக்கு அதிகபட்ச பாரம் எத்தனை கிலோ? வருடத்துக்கு எத்தனை நடை? இந்த மூன்றுக்கும் பதில் கையில் இருந்தால், எந்த வண்டி வேண்டும் என்பதை விற்பனையாளர் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது; நீங்களே அவருக்குச் சொல்லிவிடலாம்.